ஹெம்ப் விதையும் வெம்பாக்கத்து மல்லாட்டையும்

பெருநகரக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ஹெம்ப் விதை சிறு சிறு பொட்டலங்களாக விற்பனைக்கு வந்துவிட்டது. புரதம் நிறைந்தது, ஒமேகா-3 கொழுப்பு கொண்டது, ஆன்டிஆக்ஸிடன்ட் எனப்படும் எதிர் ஆக்சிகரணிகள் மிகுந்தது என்று உறையின்மேல் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால் அது எவ்வளவு உண்மை, விதையின் எந்தப் பகுதியைப் பற்றிய உண்மை, உடலுக்குள் போன பிறகும் அது நிற்குமா என்ற கேள்விகளுக்கு அந்த உறையில் விடை கிடையாது.

அந்த விடைகளைத் தேட வெம்பாக்கம் நல்ல இடம். திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகிழக்கில், காஞ்சிபுரத்துக்கும் செய்யாற்றுக்கும் நடுவே இருக்கும் வட்டம் இது. ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் நெய்யும் தறிகளின் வட்டாரம். அதே மண்ணில் நெல்லோடு சேர்ந்து விளைவது நிலக்கடலை. தமிழ்நாட்டில் நிலக்கடலை மிகுதியாகப் பயிராகும் மாவட்டங்களில் திருவண்ணாமலை முன்னிலையில் நிற்கிறது. இந்தப் பக்கத்து மக்கள் வாயில் அது மல்லாட்டை. ஹெம்ப் விதையின் பெருமை என்று சொல்லப்படுவதை ஒவ்வொன்றாக எடுத்து மல்லாட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு பொது உண்மை தெளிவாகிறது. இந்த இரண்டு வித்துகளிலும் எதிர் ஆக்சிகரணிகள் தோலில்தான் செறிந்திருக்கின்றன. அந்தத் தோலைத்தான் நாம் பெரும்பாலும் நீக்கிவிட்டு உண்கிறோம்.

ஹெம்ப் விதை: சட்டமும் சத்தும்

ஹெம்ப் என்பது கஞ்சா இனத்துச் செடி. போதை தரும் டி.எச்.சி. என்னும் பொருள், பூக்கொத்துகளில் உள்ள பிசின் சுரப்பிகளில் உருவாகிறது. விதைக்குள் அது உண்டாவதில்லை. அறுவடையின்போது பிசின் ஒட்டிக்கொள்வதால் மட்டுமே நுண்ணளவில் சேர்கிறது. அதனால்தான் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பூந்தலையோடு சேராத விதையையும் இலையையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக ஏற்றுக்கொண்டது. விதையிலும் எண்ணெயிலும் டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை.

இந்தியாவுக்கு இந்த உணவு புதிதன்று. உத்தராகண்டின் குமாவூன், கர்வால் மலைப்பகுதிகளில் இந்த விதையை வறுத்து அரைத்துச் சட்னி செய்வது நெடுநாள் வழக்கம். அம்மாநிலம் தொழில்முறை ஹெம்ப் சாகுபடிக்கு 2018-இல் அனுமதி கொடுத்தது. தமிழ்நாட்டில் அந்த அனுமதி கிடையாது. விதையை வாங்கி உண்பது குற்றமல்ல. அந்தச் செடியை வளர்ப்பது குற்றம். இன்னொரு எச்சரிக்கையும் இங்கே தேவை. பசுந்தாள் உரத்துக்காக நம் உரக்கடைகளில் விற்கும் சணப்பு விதை முற்றிலும் வேறு செடியுடையது. கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப் பொருள்கள் கொண்ட பேரினத்தைச் சேர்ந்தது அது. பெயர் மயக்கத்தில் யாரும் அதை உண்டுவிடக் கூடாது.

சத்துக்கு வருவோம். மேலோடு நீக்கிய 100 கிராம் ஹெம்ப் விதையில் ஏறத்தாழ 31 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உள்ளன. மக்னீசியம் 700 மில்லிகிராம், இரும்பு 8 மில்லிகிராம், துத்தநாகம் 10 மில்லிகிராம். அதே எடை மல்லாட்டைப் பருப்பில் புரதம் 26 கிராம். கொழுப்பு கிட்டத்தட்ட அதே 49 கிராம். மக்னீசியம் 170 மில்லிகிராம், இரும்பு நாலரை மில்லிகிராம், துத்தநாகம் 3 மில்லிகிராம். தாது உப்புகளில் ஹெம்ப் விதைக்கு ஐயமில்லாத முதலிடம். நார்ச்சத்தில் நிலை மாறுகிறது: ஓடு நீக்கிய ஹெம்பில் 4 கிராம், மல்லாட்டையில் எட்டரை கிராம். நயாசின் 12 மில்லிகிராமும் ஃபோலேட் 240 மைக்ரோகிராமும் மல்லாட்டையின் தனிப் பலங்கள். இரகத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப இந்த எண்கள் சற்றே கூடலாம், குறையலாம்.

புரதத்தில் அளவோடு தரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு புரதத்தில் எவ்வளவு செரிக்கிறது, அதன் அமினோ அமிலங்கள் உடலின் தேவைக்கு எந்த அளவு பொருந்துகின்றன என்பவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி கனடாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, முழு ஹெம்ப் விதைக்கு நூற்றுக்கு 49 முதல் 53 வரையும், ஓடு நீக்கிய விதைக்கு 63 முதல் 66 வரையும் மதிப்புக் கொடுத்தது. மல்லாட்டையின் மதிப்பும் ஐம்பதை ஒட்டியே இருக்கிறது. இரண்டுக்கும் குறை ஒன்றுதான்: லைசின் என்னும் அமினோ அமிலம் போதாது. அந்தக் குறையை நிரப்புவது பருப்பு வகைகள். துவரம்பருப்புச் சாம்பாரோ பாசிப்பருப்போ சேரும் சோற்றுத் தட்டில் மல்லாட்டைச் சட்னியும் இருந்தால் புரதக் கணக்கு நேராகிவிடுகிறது.

ஹெம்ப் விதை உண்மையாகவே விஞ்சி நிற்பது ஒமேகா-3 கொழுப்பில். அதன் எண்ணெயில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது. ஒமேகா-6, ஒமேகா-3 விகிதம் மூன்றுக்கு ஒன்று. மல்லாட்டை எண்ணெயில் ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். இந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை. மத்தி மீன், ஆளி விதை, பருப்புக்கீரை ஆகியவை அதற்கு நம் கைக்கு எட்டும் மாற்றுகள்.

தோலில் இருப்பது என்ன?

ஹெம்ப் விதையின் எதிர் ஆக்சிகரணிகளில் பெரும்புகழ் பெற்றவை கன்னாபிசின் வகைப் பொருள்களும், அவற்றின் அடிப்படையான கஃபியோயில்டைரமினும். பெயரில் கன்னாபிஸ் ஒலித்தாலும் இவற்றுக்குப் போதையோடு தொடர்பில்லை. ஆய்வுக்கூடங்களில் நன்றாகச் செயல்படும் இந்தப் பொருள்கள் விதையின் கெட்டியான மேலோட்டில்தான் செறிந்திருக்கின்றன. கடையில் அதிக விலைக்குக் கிடைப்பதோ ஓடு நீக்கிய வெள்ளைப் பருப்பு. ஆய்வுகள் எந்தப் பகுதியைப் பார்த்துப் பாராட்டினவோ அந்தப் பகுதி பொட்டலத்துக்கு வருவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. அப்படியும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற விளம்பரம் மட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

மல்லாட்டையிலும் இதே கதைதான். பருப்பைச் சுற்றியிருக்கும் செந்நிறத் தோல் அதன் எடையில் சுமார் 3 சதவீதம். புரோஆந்தோசயனிடின் என்னும் துவர்ப்புப் பொருள்கள், கேட்டெச்சின்கள் உள்ளிட்ட பாலிஃபீனால்கள் அந்த மெல்லிய தோலில் குவிந்திருக்கின்றன. பருப்புக்குள் பாரா-கூமாரிக் அமிலமும் வைட்டமின் ஈ-யும் உண்டு. சட்னிக்கு வறுத்து, கையால் தேய்த்து, முறத்தில் புடைத்து நாம் பறக்கவிடும் தோல் அதுவே. எள்ளை எடுத்துக்கொண்டால் கால்சியம் கணக்கு இன்னும் வெளிப்படையானது. தோலோடு உள்ள எள்ளில் 100 கிராமுக்கு 975 மில்லிகிராம் கால்சியம். தோல் நீக்கிய எள்ளில் 60 மில்லிகிராம் அளவே.

செடி ஏன் இவற்றைத் தோலில் வைக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. விதை மண்ணில் பல மாதம் கிடந்தாலும் உள்ளிருக்கும் எண்ணெய் சிக்கடிக்காமல் இருக்க வேண்டும். பூஞ்சையும் பூச்சியும் உள்ளே நுழையாமல் இருக்க வேண்டும். காற்றும் கிருமியும் முதலில் தொடும் இடம் தோல் என்பதால் பாதுகாப்புப் பொருள்களைச் செடி அங்கே சேர்த்து வைக்கிறது. நல்லெண்ணெய் ஊறுகாயில் மாதக்கணக்கில் கெடாமல் நிற்பதற்கும் எள்ளின் எண்ணெயிலேயே உள்ள பாதுகாப்புப் பொருள்களே காரணம். எள்ளில் உள்ள செசமோலின் சூட்டில் உடைந்து செசமால் ஆகிறது; செசமால் வலிமையான எதிர் ஆக்சிகரணி. ஹெம்ப் எண்ணெய் இதற்கு நேர்மாறு. எளிதில் ஆக்சிகரணமடையும் கொழுப்பு அதில் மிகுதி என்பதால் அடுப்பில் ஏற்றிப் பொரிக்க அது ஏற்றதல்ல. குளிர்ச்சியிலும் இருட்டிலும் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

அவித்த மல்லாட்டையின் அறிவியல்

அறுவடைக் காலத்தில் செடியை வேரோடு பிடுங்கிக் காய் ஆய்ந்ததும், பச்சைக் காயைக் கழுவி உப்புப் போட்டு அவித்துத் தின்பது இந்த வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இதே போன்ற அவித்த கடலையை ஆராய்ந்தவர்கள் 2007-இல் முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். பச்சையாகவோ, வறுத்தோ, எண்ணெயில் பொரித்தோ உண்பதைவிட ஓட்டோடு அவித்த கடலையில் ஐசோஃபிளவோன் வகைப் பொருள்கள் மிகுதியாக இருந்தன. ஜெனிஸ்டீன் என்ற பொருள் பச்சைப் பருப்பில் இருந்ததைப் போல நான்கு மடங்கு. ஓட்டிலும் தோலிலும் உள்ள பொருள்கள் கொதிநீரில் கரைந்து பருப்புக்குள் இறங்குவது இதற்குக் காரணம். வறுப்பதிலும் நன்மை இல்லாமல் இல்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் காட்டியபடி, வறுக்கும்போது பாரா-கூமாரிக் அமிலம் கூடி, எதிர் ஆக்சிகரணத் திறன் 22 சதவீதம் வரை உயர்கிறது. இரண்டு முறையிலும் முழுப் பலன் வேண்டுமென்றால் தோல் கூடவே இருக்க வேண்டும்.

ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பருப்பில் ஏழெட்டு கிராம் புரதமும் 170 கலோரி ஆற்றலும் 70 மைக்ரோகிராமுக்குச் சற்று மேலான ஃபோலேட்டும் கிடைக்கின்றன. அவிக்கும்போது ஃபோலேட்டில் ஒரு பகுதி நீரில் போய்விடும். தறிக்குழியில் காலை இறக்கி மணிக்கணக்கில் நெய்பவருக்கு இரண்டு வேளை உணவுக்கு நடுவே டீயும் பிஸ்கட்டும் கொடுப்பதைவிட இந்தக் கைப்பிடி எத்தனையோ மேல்.

சோதனைக்குழாயும் உடலும்

எதிர் ஆக்சிகரணம் என்ற சொல்லைச் சுற்றி மிகைக்கூற்றுகள் வளர்ந்திருப்பதால் இங்கே கவனம் வேண்டும். ஒரு விதைச்சாறு சோதனைக்குழாயில் எவ்வளவு தீவிர மூலக்கூறுகளை அடக்குகிறது என்று அளப்பது எளிது. அதே பொருள் குடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, கல்லீரல் அதை எப்படி மாற்றுகிறது, திசுவுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பவை தனிக் கேள்விகள். உணவுகளின் எதிர் ஆக்சிகரணத் திறனைப் பட்டியலிட்டு வந்த ஓராக் தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் திரும்பப் பெற்றது. அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை, விளம்பரங்களில் அவை தவறாகப் பயன்படுகின்றன என்பதே அதன் காரணம். இன்னும் வலிய பாடம் பின்லாந்திலிருந்து 1994-இல் வந்தது. புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது.

மல்லாட்டையில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்னும் எதிர் ஆக்சிகரணி பற்றியும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது இருப்பது கிராமுக்குச் சில மைக்ரோகிராம் அளவில். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் கொடுத்தது நூற்றுக்கணக்கான மில்லிகிராம். ரெஸ்வெரட்ராலுக்காக மல்லாட்டை தின்னுங்கள் என்று சொல்வது பொருந்தாது.

முழு உணவாக மல்லாட்டைக்கு இருக்கும் சான்று இதைவிட உறுதியானது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குறைந்த வருமானக் குடும்பத்தினரையும் ஷாங்காய் நகர மக்களையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. அமெரிக்கக் குழுவில் உண்ட கொட்டைகளில் பாதியளவு நிலக்கடலையே. மிகுதியாக உண்டவர்களிடம் இறப்பு விகிதம் அமெரிக்கக் குழுவில் 21 சதவீதமும் சீனக் குழுவில் 17 சதவீதமும் குறைவாக இருந்தது. இது கவனித்துப் பதிவு செய்த ஆய்வு. காரணத்தை நிறுவும் சோதனை அல்ல. ஆனாலும் பாதாம், வால்நட் போன்ற விலையுயர்ந்த கொட்டைகளின் நன்மை என்று கருதப்பட்டது ஏழைகளின் கடலையிலும் தெரிகிறது என்று காட்டிய வகையில் அது நமக்கு மிக வேண்டியது.

வறட்சியும் பூஞ்சணமும்

ரெஸ்வெரட்ராலுக்கு மனித உடலில் உள்ள பங்கு ஐயத்துக்குரியது. செடியின் உடலில் உள்ள பங்கு ஐயமற்றது. பூஞ்சை தாக்கும்போது மல்லாட்டைப் பருப்பு ரெஸ்வெரட்ராலையும் அதன் இனப் பொருள்களையும் உருவாக்கி எதிர்க்கிறது. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மழை பொய்த்து மண் காய்ந்து சூடேறினால் பருப்பில் ஈரம் குறைந்து அந்தத் திறன் போய்விடுகிறது. அப்போது ஆஸ்பெர்கில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை நுழைந்து அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்குகிறது. இங்கிலாந்தில் 1960-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோதுதான் இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் இருந்தது பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கு. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் இந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழிவதில்லை.

ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைக்கும் நிலங்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. வெம்பாக்கத்து உழவர்களுக்குக் கையில் உள்ள வழிகள் எளியவை. முற்றியதும் காலந்தாழ்த்தாமல் பிடுங்குவது, காயை ஈரப்பதம் 8 சதவீத அளவுக்கு இறங்கும்வரை உலர்த்துவது, மழை பட்ட காயைத் தனியே வைப்பது, சுருங்கியதும் கறுத்ததும் பூஞ்சணம் பூத்ததும் உடைபட்டதுமான பருப்பைப் பொறுக்கி எறிவது. செக்கில் ஆட்டிய எண்ணெயை விரும்புகிறவர்கள் இதை அழுத்தமாக நினைவில் வைக்க வேண்டும். சுத்திகரிப்பில் நீங்கும் நஞ்சு செக்கெண்ணெயில் தங்கிவிடும். பிண்ணாக்கில் இன்னும் மிகுதியாகத் தங்கும். அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் வந்து சேரும். நல்ல செக்கெண்ணெய் என்பது நல்ல கொட்டையிலிருந்து மட்டுமே வரும். கமிட்டி என்று பேச்சில் வழங்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஈரப்பதத்தோடு இந்த நஞ்சையும் சோதித்து, தூய சரக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கும் ஏற்பாடு வந்தால் உழவருக்கும் உண்பவருக்கும் ஒருசேர நன்மை.

எண்ணெய்க்குப் போவதும் உணவாகத் தங்குவதும்

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. தொடக்கத்திலிருந்தே அது நமக்கு விற்பனைச் சரக்கு, எண்ணெய்க்கான மூலப்பொருள். ஆராய்ச்சியும் பெரிதும் விளைச்சலையும் எண்ணெய்ச் சதவீதத்தையும் நோக்கியே நடந்தது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, குடியாத்தம் வட்டாரத்துக் கொத்து இரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. பல பத்தாண்டுகள் இந்தியாவெங்கும் பயிரானது. 2020-இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட சத்துச் செறிவு இரகங்களில் கிர்னார் 4, கிர்னார் 5 என்னும் நிலக்கடலை இரகங்களும் இருந்தன. இவற்றின் எண்ணெயில் ஓலிக் அமிலம் 80 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் பருப்பும் எண்ணெயும் எளிதில் சிக்கடிப்பதில்லை. சத்தை இலக்காக வைத்த இரகங்கள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன.

இதை உணவாகவே பார்த்த முன்னோடிகளும் உண்டு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-களிலேயே கொழுப்புக் குறைத்த நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, கடலைப்பருப்பு மாவு கால் பங்கு சேர்த்து, வைட்டமின்களும் தாதுக்களும் ஊட்டிய பல்நோக்கு உணவை உருவாக்கியது. லைசின் குறையைப் பருப்பால் நிரப்பும் அதே தத்துவம்தான் அதிலும். பின்னாளில் அந்த முயற்சி தளர்ந்ததற்கு அஃப்ளடாக்சின் பற்றிய அச்சமும் ஒரு காரணம். இன்று அந்த நஞ்சைச் சோதிக்க எளிய கருவிகள் இருக்கின்றன. அந்தப் பழைய எண்ணத்தை மீட்டெடுக்கத் தடை இல்லை.

தேவையோ பெரிது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினரும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினரும் இரத்தசோகை உள்ளவர்கள். மல்லாட்டை மட்டும் இதைத் தீர்த்துவிடாது. தோலின் துவர்ப்புப் பொருள்களும் பருப்பின் ஃபைட்டிக் அமிலமும் இரும்பு உறிஞ்சப்படுவதை ஓரளவு தடுக்கின்றன; இதை மறைத்துவிட்டுத் தோலைப் புகழ்வது நேர்மையாகாது. எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் அந்தத் தடை தளர்கிறது. டீயை உணவோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும் உதவும்.

ஹெம்ப் விதை நல்ல உணவு. வாங்க வசதியுள்ளவர்கள், ஒமேகா-3 தேவைப்படும் சைவ உணவினர், உரிமம் பெற்ற தயாரிப்பைப் பார்த்து வாங்கி உண்ணலாம்; ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டுமென்றால் ஓடு நீக்காத முழு விதையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் வெம்பாக்கத்துக் குழந்தையின் புரதத்துக்கும் ஃபோலேட்டுக்கும் விடை ஏற்கெனவே அந்த ஊர்க் கொல்லையில் விளைகிறது. ஒவ்வாமை இல்லாதவர்கள் பூஞ்சணமற்ற மல்லாட்டையைத் தோலோடு அவித்தோ வறுத்தோ நாள்தோறும் ஒரு கைப்பிடி உண்ணுங்கள். சிறு குழந்தைகளுக்குப் புரையேறாதபடி அரைத்துக் கொடுங்கள். சட்னிக்கு வறுக்கும்போது தோலைப் புடைக்காதீர்கள். அரசுக்கு ஒரு வேண்டுகோள்: திருவண்ணாமலை மாவட்டத்துப் பள்ளிகளின் சத்துணவில், நஞ்சு சோதனை செய்து உள்ளூர் உழவரிடமே வாங்கிய மல்லாட்டையை வாரத்தில் சில நாளாவது சேர்க்க வேண்டும். அதற்கு வேண்டிய பயிரும் விற்பனைக் கூடமும் சமையலறையும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன.